டோனாவூரின் டோனா யார்?



நம் ஆஸ்பத்திரிக்கு மாதந்தோறும் காணிக்கை கொண்டுவருகிறவர்களில் ஆரணிப் பட்டுத் தறிக்காரர் ஒருவர் உண்டு. தபாலில் அனுப்பமாட்டார். கூலி வாங்கிய மறுநாள் தாமே சைக்கிளில் வந்து, என் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சபையாரோடு திருநெல்வேலிச் சீமைக்கு ஒருமுறை போய்வந்தவர், திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நாசரேத்து சரி, வேதத்துல இருக்குது. மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், இதெல்லாம் கேட்டாலே விளங்குது. டோனாவூருன்னு ஒண்ணு இருக்குதே, அந்த டோனா யாரு?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை" என்றேன்.

"துரைன்னா கலெக்டருங்களா, பாதிரியாருங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரப் பரீட்சைக்காக மிஷனரிமாரின் பெயர்களை வருஷத்தோடு மனப்பாடம் செய்தவன் நான். பணம் அனுப்பியவர்களின் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. தேடிப் படித்துச் சொல்கிறேன் என்றேன். படித்ததை அவருக்குச் சொன்னதோடு உங்களுக்கும் எழுதுகிறேன். காணிக்கை அனுப்புகிறவர்கள் படிக்கும் தாளில் காணிக்கை அனுப்பிய ஒருவரைப் பற்றி எழுதுவது பொருத்தந்தானே.

டோனா கலெக்டருமல்ல, பாதிரியாருமல்ல. அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்ல. ஷ்லோடியன் என்ற இடத்துப் பிரபு. ஆங்கிலப் புத்தகங்களில் 'கவுண்ட் டோனா' என்று இருக்கும். வேதபாட வகுப்பில் இப்படிச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எந்த ஊர்க் கவுண்டர்?" என்று கேட்டுவிட்டார். சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. கவுண்ட் என்பது சாதியல்ல, ராஜா கொடுக்கும் பட்டம். பெரும் சிற்றரசர்களுக்குக் கீழே, சாதாரண நிலக்கிழார்களுக்கு மேலே உள்ள நிலை. நம் ஆரணி ஜாகீர்தாரை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாயிருக்கும்.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் ஷ்லோடியன் அல்ல. ஜெர்மனியின் கிழக்கில், டிரெஸ்டன் நகரத்துக்கு அருகே டோனா என்று ஒரு சிறிய ஊர் இன்றும் இருக்கிறது. அங்கே இருந்த கோட்டைக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே இவர்கள் காவல் தலைவர்கள். கோட்டைத் தலைவர் என்ற பட்டத்தையும் கவுண்ட் பட்டத்தோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். நீலக் கேடயத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு வெள்ளி மான்கொம்புகள் இவர்களுடைய குலச் சின்னம். 1385ல் ஒரு நடன விருந்தில் மூண்ட சண்டை பகையாக வளர்ந்தது என்பார்கள். விருந்துச் சண்டை எந்த நாட்டிலும் இலேசில் தீராது போலும். பதினேழு வருஷம் இழுத்து, 1402ல் மைசன் பகுதியை ஆண்ட அரசர் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். ஊர் போயிற்று, பெயர் மட்டும் குடும்பத்தோடு நின்றது. அதற்கு அடுத்த தலைமுறைகளில் ஒரு கிளையார் படைத் தலைவர்களாக வடகிழக்கே பிரஷ்யாவுக்குப் போய் அங்கே நிலம் பெற்றுக் குடியேறினார்கள்.

பிரஷ்யா என்றதும் இன்றைய ஜெர்மனியின் வரைபடத்தில் தேடவேண்டாம். 1871 வரையில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பல அரசுகள் இருந்தன, அவற்றில் பலமானது பிரஷ்யா. அதன் கிழக்குக் கோடி பால்டிக் கடலோரம் வரைக்கும் நீண்டிருந்தது. கோதுமையும் கம்புபோன்ற ஒரு தானியமும் விளையும் சமவெளி, ஏரிகள், நீண்ட பனிக்காலம். அங்கே டோனா குடும்பம் ஷ்லோபிட்டன், ஷ்லோடியன், லாவுக் என்று பல கிளைகளாய்ப் பிரிந்தது. ஷ்லோடியன் கிளையின் முதல்வர் கிறிஸ்டோப் (1665–1733). படைத் தளபதியாகவும் ராஜதூதராகவும் இருந்தவர். 1701 முதல் 1704 வரை அவர் கட்டிய மாளிகைதான் ஷ்லோடியன். பெரும்பாலும் லுத்தரன் சபையாரே வாழ்ந்த அந்நாட்டில் இக்குடும்பத்தார் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். படிப்பிலும் பக்தியிலும் நாட்டமுள்ளவர்கள். பிற்காலத்தில் பேர்பெற்ற இறையியலாளரான ஷ்லையர்மாகர் வாலிபத்தில் ஷ்லோபிட்டன் மாளிகையில் பிள்ளைகளுக்கு வீட்டு வாத்தியாராக இருந்தார் (1790–1793). மொரேவியன் சபையை உருவாக்கிய சின்சென்டோர்ப் பிரபுவின் ஒரு மகளும் டோனா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். ஆகவே மிஷனரி ஊழியம் என்ற பேச்சு அந்த வீடுகளுக்குப் புதிதல்ல.

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். பிரபுவையும் நம் நாட்டையும் சேர்த்து முடிந்தவர் இரேனியஸ் ஐயர். இவரும் பிரஷ்யாக்காரர்தான். 1790ல் கிராவ்டென்ஸ் என்ற கோட்டை நகரத்தில் ஒரு படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர், சிறுவயதிலே தகப்பனை இழந்தவர். பெர்லினில் யேனிக்கே போதகர் நடத்திய மிஷனரிப் பள்ளியில் படித்து, இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தாரால் 1814ல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1820ல் பாளையங்கோட்டைக்குப் போனார். அவருடைய தமிழையும், அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தையும், புதிய ஏற்பாட்டைத் திருத்திய வேலையையும் பற்றி வேறொரு முறை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது அவருடைய நிலம் வாங்கும் வேலை.

அந்நாட்களில் திருநெல்வேலியில் ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றால் என்ன நடக்கும்? குடியிருந்த மனை வேறொருவருடையது. உழுத வயலோ ஏறிய பனையோ வேறொருவருடையது. கிணறும் அப்படியே. ஊர்ப்பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்று சாயங்காலம் வீடு இல்லை. ஜெபக்கூடம் கட்டினால் இரவில் கூரை எரியும். இதற்குப் பரிகாரமாக 1799லேயே முதலூர் என்ற கிராமம் வாங்கிய நிலத்தில் எழும்பியது. அந்த வழியை இரேனியஸ் ஐயர் பெரிய அளவில் பின்பற்றினார். ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்குவது, தெரு பிடித்து வீடுகள், நடுவே ஆலயம், வாரநாட்களில் அதுவே பள்ளிக்கூடம், பக்கத்தில் உபதேசியார் வீடு. யாரும் எழுந்துபோ என்று சொல்லமுடியாத மனை. இப்படி நிலம் வாங்குவதற்கென்றே 1830ல் பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அதற்குக் கொடுத்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

1820களில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காட்டுக்குத் தெற்கே இப்படி ஒரு கிராமம் எழும்ப ஷ்லோடியனிலிருந்து டோனா பிரபு அனுப்பிய பணம் உதவியது. அந்த நன்றிக்காக இரேனியஸ் ஐயர் ஊருக்கு டோனாவூர் என்று பெயரிட்டார். 'டோனா'வோடு 'ஊர்' ஒட்டிக்கொண்ட விதத்தைப் பாருங்கள். நல்லூர், புத்தூர் மாதிரி ஆகிவிட்டது. சாயர்புரமும் இப்படி நிலம் வாங்கிக்கொடுத்த ஒரு வியாபாரியின் பெயரைத் தாங்கிய ஊர்தான். ஆனால் சாயர் இந்நாட்டிலிருந்தவர். நம் பக்கத்து இராணிப்பேட்டை ஆஸ்பத்திரி ஸ்கடர் பெயரைத் தாங்குகிறது. அவர்கள் வந்து, வெயிலில் அலைந்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள். டோனா ஒருவர்தாம் வராமலே ஊர்ப் பெயரானவர்.

இந்தப் பணம் எப்படிப்பட்ட காலத்தில் வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு இந்த மனிதர்மேல் உண்மையான மரியாதை வந்தது. பிரபு என்றதும் பெட்டி நிறையப் பொன் இருந்திருக்கும், அதில் ஒரு பிடி அள்ளிப் போட்டிருப்பார் என்றே நானும் எண்ணியிருந்தேன். சரித்திரம் வேறுவிதமாயிருக்கிறது. 1807ல் நெப்போலியனின் சேனை கிழக்குப் பிரஷ்யாவுக்குள் வந்து, குதிரை, மாடு, தானியம் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. அந்த வசந்த காலத்தில் நெப்போலியன் தங்கியிருந்ததே டோனா குடும்பத்தாரின் மற்றொரு மாளிகையான பிங்கன்ஸ்டைனில்தான். 1812ல் ருஷ்யாவுக்குப் போகிற வழியில் அதே சேனை மறுபடியும் வந்தது. யுத்தம் முடிந்து மூச்சுவிடும்போது, 1820களில் தானிய விலை விழுந்தது. விளைச்சல் நன்றாயிருந்தும் விற்ற பணம் வட்டிக்குப் போதவில்லை. அந்தப் பிரதேசத்தில் பழைய பெருங்குடும்பத்துப் பண்ணைகள் பல ஏலத்துக்கு வந்தன. அந்த வருஷங்களில்தான் ஷ்லோடியனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பணம் வந்தது.

கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டிய காலம் அது. பணம் சேர்ந்ததா என்று கேட்டு எழுதினால் பதில் கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷமாகும். படம் இல்லை, தந்தி இல்லை. பனை எப்படியிருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரபுவின் பணம் என்கிறோம், அது எங்கிருந்து வந்தது? கிழக்குப் பிரஷ்யாவில் பிரபு ஏர் பிடிக்கிறதில்லை. பண்ணையாட்கள் உழுதார்கள். 1807ல் ராஜா போட்ட சட்டம் வரைக்கும் அவர்களில் அநேகர் பிரபுவின் உத்தரவில்லாமல் ஊரைவிட்டுப் போகவும், கலியாணம் பண்ணவும் முடியாதவர்கள். விடுதலை வந்த பிறகும், தாங்கள் உழுத நிலம் தங்களுக்குச் சொந்தமாக வேண்டுமானால் அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ பிரபுவுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று 1811ல் விதித்தார்கள். ஆகவே திருநெல்வேலியில் ஒரு குடியானவன் யாருக்கும் பயப்படாமல் தூங்க உதவிய பணத்தில், தன் மனைக்கு நிச்சயமில்லாமல் இருந்த ஒரு பிரஷ்யக் குடியானவனின் வேர்வையும் கலந்திருக்கிறது. அவன் பெயரில் ஊர் இல்லை. இதைச் சொல்வதால் பிரபுவின் ஈகை சிறுத்துப்போகாது. ஆனாலும் கணக்கில் விட்டுப்போனவர்களை ஒருமுறையாவது எண்ணிப்பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது.

இரேனியஸ் ஐயருக்கும் சங்கத்தாருக்கும் குருப்பட்டம் கொடுப்பது பற்றி வந்த பிணக்கு 1835ல் முறிவில் முடிந்தது. அவர் 1838ல் பாளையங்கோட்டையில் மரித்தார். டோனாவூர் மலையடிவாரத்தில் ஒரு அமைதியான சபையாக இருந்துகொண்டிருந்தது. அந்த நிலையைப் பார்த்த யாராவது, பிரபுவின் பணம் ஒரு சிற்றூர்க் கோயிலோடு முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1901ல் உவாக்கர் ஐயரோடு ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே குடிவந்தார். தேவதாசிகளாக விடப்படும் ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்ட பெண்குழந்தைகளை வைத்து வளர்க்க ஒரு பத்திரமான இடம் வேண்டியிருந்தது. வாங்கிய நிலம், தலைமுறைகளாக நிலைத்த சபை, சுற்றிலும் பழகிய ஜனங்கள். எல்லாம் காத்திருந்தன. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்ந்தார்கள். 1920களின் கடைசியில் அங்கே உருவான ஆஸ்பத்திரிக்குப் பரம சுக சாலை என்று பெயர். ஆஸ்பத்திரிக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பெயரை நான் கேட்டதில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில் கால் இடறிக் குழியில் விழுந்த அம்மையார், 1951 ஜனவரி 18ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அவர் யாரிடமும் பணம் கேட்டதில்லை என்பது எல்லாரும் அறிந்தது. மாதந்தோறும் உங்களுக்கு எழுதிக் கேட்கிற என்னைப் போன்றவனுக்கு அது சற்றுச் சங்கடமான உண்மை.

மாளிகைகள் என்னவாயின? 1945 ஜனவரியில் ருஷ்யப் படை நெருங்கியபோது, ஷ்லோபிட்டன் கிளையின் அலெக்சாந்தர் பிரபு தம் பண்ணை மக்கள் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களைக் குதிரை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, உறைபனியில் வாரக்கணக்காய்ப் பயணம்செய்து மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு முந்தின வருஷம் இத்தாலியில், பிடிபட்ட அமெரிக்கப் போர்வீரர் 15 பேரைச் சுட்டுக்கொல்லும் உத்தரவில் கையெழுத்துப்போட மறுத்து, அதற்காகப் படையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். ஆனாலும் அந்த 15 பேரையும் மேலதிகாரி கொல்லுவித்தார். யுத்தத்துக்குப் பிறகு, சுவிட்சர்லாந்து எல்லையோரத்து லோராக் பட்டணத்தில் அவர் சலவைக் கடை நடத்திப் பிழைத்தார். 1997ல் மரித்தார். அதே குடும்பத்து ஹைன்ரிக் பிரபு ஹிட்லருக்கு எதிராக நின்ற அறிக்கைச் சபையைச் சேர்ந்தவர். 1944 ஜூலை 20 சதியில் சேர்ந்ததற்காக அந்த வருஷம் செப்டம்பர் 14ல் பெர்லினில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனைவியைச் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஷ்லோபிட்டன் மாளிகை 1945ல் எரிந்தது. அந்தப் பிரதேசம் போலந்துக்குப் போயிற்று. ஷ்லோடியன் என்ற பெயரும் மாறி இப்போது கிளாடிஷே. கிறிஸ்டோப் பிரபு கட்டிய மாளிகை 1986ல் தீப்பிடித்து எரிந்தது. டோனாக்களின் ஷ்லோடியன் வரைபடத்தில் இல்லை. களக்காட்டுப் பக்கத்துப் பஸ் பலகையில் டோனாவூர் இருக்கிறது.

இவ்வளவையும் நம் தறிக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "அவரு வந்து பார்க்கவே இல்லீங்களா?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. உங்களில் சிலர் வேறு வார்த்தைகளில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். "நான் அனுப்பிய பணத்தில் யாருக்கு ஆபரேஷன் ஆயிற்று? அந்த நோயாளியின் போட்டோ அனுப்புங்கள்." நியாயமான ஆசை என்று தெரியும். ஆனாலும் நாங்கள் அனுப்புவதில்லை. காசநோய்க்காரரும், குஷ்டம் கண்டவரும், எச்.ஐ.வி. உள்ள வாலிபனும் இங்கே வருவது தங்கள் தெருவாருக்குக்கூடத் தெரியாமல்தான். கலியாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற தாய், தன் வியாதி பத்திரிகையில் வந்தது என்று தெரிந்தால் அடுத்த மாதம் மருந்துக்கு வரமாட்டாள். வராவிட்டால் செத்துப்போவாள். கணக்குக் கேளுங்கள், வரி வரியாய்க் காட்டுகிறோம். முகத்தைக் கேட்காதேயுங்கள்.

தறிக்காரரிடம், "இல்லை, அவர் வரவே இல்லை" என்றேன். அவர் சற்று யோசித்து, "நான் நாப்பது வருசமா நெய்யறேன். ஒரு பொடவைய கூட யார் கட்டினாங்கன்னு பார்த்ததில்லீங்க" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி மேசைமேல் வைத்தார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வழக்கம்போல் அவர் பெயரை எழுதப்போனேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"இனிமே அவ பேர்ல போடுங்க ஐயா. தாரு சுத்திக் குடுக்கறது அவதானே."

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள்,
ஆஸ்பத்திரி சாப்ளின்,
ஆரணி